சோலார்க்காரர் போட்டுத் தரும் கணக்கு: காவேரிப்பட்டணத்திலிருந்து ஓர் எச்சரிக்கை

என் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் ஓடுகிறது. அதற்குக் கொட்டிக் கொடுத்தது 1,95,000 ரூபாய். அதனால் எனக்கு மிச்சமாவது இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 900 ரூபாய். எப்படி இந்தக் கதிக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மாங்காய் விற்ற காசு கையில் புரளும் நேரம் பார்த்து நம் பக்கம் வீடு வீடாக ஆள் வருகிறார்கள்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு, வீட்டு மாடியில் சோலார் வைக்க மானியம் தரும் பி.எம். சூர்ய கர் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000. நல்ல திட்டம்தான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சித்திரையிலேயே என் மச்சானுக்குத் தெரிந்தவர் என்று சொல்லிக்கொண்டு ஒரு தம்பி வந்தார். கிருஷ்ணகிரியில் கடை. இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு ஃபைல். அம்மா டீ கொடுத்தார்கள். தம்பி திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

ஒரு கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட். 3 கிலோவாட்டுக்கு 12. அறுபது நாளைக்கு 720. யூனிட் 8 ரூபாய். 720 × 8 = 5,760. வருஷத்துக்கு 34,560. அதன் கீழே இரண்டு கோடு. “மானியம் போக உங்களுக்கு ஆகிறது 1,17,000 தான் சார். மூணரை வருஷத்துல போட்ட காசு கைக்கு வந்துடும். அப்புறம் இருபது வருஷத்துக்கு ஃப்ரீ கரன்ட்.”

இந்தக் கணக்கில் 4 யூனிட் என்பது சரி. நம் ஊர் வெயிலுக்கு அது கிடைக்கும், மழை மாதத்தில் கொஞ்சம் குறையும். பெருக்கலிலும் தப்பில்லை. தப்பு அந்த 8-இல் இருக்கிறது. அதைவிடப் பெரிய தப்பு, அந்தத் தாளில் என் வீட்டு பில் எங்கேயுமே இல்லை. அவரும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை. அலமாரியில் ரசீது கத்தையாகக் கிடக்கிறது, போனில் இ.பி. மெசேஜ் வரிசையாக இருக்கிறது. எழுந்து போய் எடுக்கச் சோம்பல்.

என் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 340 யூனிட் ஓடும். நாலு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், மிக்ஸி, கிரைண்டர், மோட்டார், டிவி. 2024 விலைப்படி தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு இரண்டேகால், இரண்டரை ரூபாய்தான். அதற்கு மேல் 400 வரை நாலே முக்கால் ரூபாய் பக்கம். ஆக 340 யூனிட்டுக்கு பில் 900 ரூபாயைச் சுற்றித்தான் வரும். வருஷத்துக்கு 5,400. மாடியில் சூரியனையே இறக்கி வைத்தாலும் 5,400 ரூபாய்க்கு மேல் எனக்கு மிச்சமாக வழியே இல்லை, ஏனென்றால் நான் கட்டுவதே அவ்வளவுதான். 1,17,000-ஐ 5,400-ஆல் வகுத்துப் பாருங்கள். இருபத்தொரு வருஷத்துக்கு மேல் வருகிறது. பேனலுக்கே வாரன்டி 25 வருஷம்தான் தருகிறார்கள்.

மிஞ்சுகிற யூனிட் என்ன ஆகும் என்று கேட்டேன். “அது உங்க கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும் சார்” என்றார். ஏறுவது வாஸ்தவம்தான், அடுத்த பில்லில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் அடுத்த பில்லிலும் மிச்சம், அதற்கடுத்ததிலும் மிச்சம் என்றால் எதில் கழிப்பது? இது எனக்கு உறைத்தபோது மாடியில் பேனல் ஏறிவிட்டது.

பாதிப் பணம் முன்னே கொடுத்தேன், சாமான் வந்து இறங்கியதும் இன்னொரு பெரிய தொகை. ஆறு பேனல். கொட்டேஷனில் ‘ஏ கிரேடு பேனல், பிராண்டட் இன்வெர்ட்டர்’ என்று மட்டும் இருந்தது. கம்பெனி பெயர் இல்லை, மாடல் நம்பர் இல்லை. ஏ கிரேடு என்றால் என்ன என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மாடியில் முந்நூறு சதுர அடி போயிற்று. அம்மாவுக்கு அதுதான் முதல் துக்கம்: “இனிமே புளியை எங்கடா காய வைக்கிறது?” ஸ்டாண்டுக்கு ஜி.ஐ. (துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாகம் பூசிய இரும்பு) என்று சொல்லிவிட்டு, சாதா இரும்பில் வெள்ளி பெயின்ட் அடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். வெல்டு வைத்த இடங்களில் முதல் மழைக்கே பெயின்ட் உரிந்தது. வெள்ளை அடித்த கைப்பிடிச் சுவரில் வெற்றிலை எச்சில் மாதிரி துருக்கறை வழிந்து நிற்கிறது. ஒவ்வொரு முறை துணி காயப் போடும்போதும் அது கண்ணில் படும்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் இன்வெர்ட்டரை ஆன் செய்துவிட்டு, “நெட் மீட்டர் வர ஒரு மாசம் ஆகும் சார், அதுவரைக்கும் சும்மா ஓடட்டும், கரன்ட் மிச்சம்தானே” என்று பாக்கிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். நெட் மீட்டர் என்பது லைனிலிருந்து நாம் எடுப்பதையும் லைனுக்கு நாம் கொடுப்பதையும் தனித்தனியாக எழுதும் மீட்டர். இந்த இடத்தில் தயவுசெய்து நின்று படியுங்கள், நான் நேரடியாகக் காசு விட்டது இதில்தான்.

இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுக்க வந்தவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “புதுசா ஏ.சி. வாங்கினீங்களா சார்?” 860 யூனிட். பில் ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. வீட்டில் சோலார் வைத்தவனுக்கு ஆறு மடங்கு பில். நேராக இ.பி. ஆபீசுக்கு ஓடினேன். அங்கே இருந்த லைன்மேன் அண்ணன் சிரித்துவிட்டார்.

“பழைய மீட்டருக்கு உள்ள வர்றதும் வெளிய போறதும் ஒண்ணுதான் சார். ரெண்டையும் கூட்டிக்கும். நெட் மீட்டர் இல்லாம யாரு உங்கள ஆன் பண்ணச் சொன்னது?”

அதாவது பகலில் என் மாடியிலிருந்து லைனுக்குப் போன அறுநூற்றுச் சொச்சம் யூனிட்டையும் நான் செலவு செய்ததாகவே மீட்டர் எழுதிக்கொண்டது. அதுவும் 500-ஐத் தாண்டியதால் மேல் விலை, யூனிட் 8 ரூபாய்க்கு மேல். கரன்ட்டை ஓசியில் கொடுத்துவிட்டு அதற்கு நானே காசும் கட்டியிருக்கிறேன். அனுமதி வருவதற்கு முன்னால் ஆன் செய்ததே தப்பு என்பதால் பில்லைக் குறைக்கச் சொல்லவும் எனக்கு வாய் இல்லை. கட்டினேன். வீட்டுக்கு வந்து சுவிட்சை ஆஃப் செய்தேன்.

அதே ஆபீசில்தான் இரண்டாவது குண்டும் விழுந்தது. நெட் மீட்டருக்கு என் சர்வீஸ் நம்பரில் விண்ணப்பமே போடப்படவில்லை. திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்த நிறுவனம் வழியாகச் செய்தால்தான் மானியம் வரும். மாவட்டவாரியாக அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் தட்டிப் பார்த்தேன், நம்ம தம்பியின் கடை அதில் இல்லை. இன்னொன்று, மானியத்துக்கு வைக்கும் பேனலில் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். டி.சி.ஆர். பேனல் என்பார்கள், விலை கூடுதல். என் மாடியில் இருப்பது அது இல்லை. வாங்கியது டி.சி.ஆர். விலை, மாட்டியது வேறு. 78,000 ரூபாய் அத்தோடு போயிற்று. இப்போது 1,95,000-ஐ 5,400-ஆல் வகுக்க வேண்டும். முப்பத்தாறு வருஷம். என் பேரன் வந்து லாபக் கணக்கு பார்க்கலாம்.

போன் செய்தால் முதலில் “போட்டுட்டேன் சார், சர்வர் டவுன்” என்றார். அப்புறம் “டெல்லியில பெண்டிங்”. அப்புறம் ரிங் மட்டும் போனது. மச்சானிடம் கேட்டால், “எனக்கு அவன் ஒரு கல்யாணத்துல பார்த்த பழக்கம்தான் மாமா” என்கிறான்.

கரன்ட் கட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். “கரன்ட் போனாலும் பகல்ல உங்க வீட்டுல ஃபேன் ஓடும்” என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தார். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினார்கள். தலைக்கு மேல் கொளுத்துகிற வெயில், மாடியில் ஆறு பேனல், வீட்டில் அம்மா பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இ.பி. லைனோடு சேர்ந்தே ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் அப்படித்தான்: லைனில் கரன்ட் இல்லையென்றால் தானும் நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு நம் வீட்டிலிருந்து ஷாக் அடிக்கும். கட் நேரத்திலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரி வைத்த ஹைப்ரிட் வேண்டும், அது வேறு விலை. இதை முன்பே சொல்லியிருந்தால் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன்.

சரி, சோலாரே வீண் செலவா என்றால், ஓசூரில் இருக்கிற என் தங்கை வீட்டைப் பாருங்கள். இரண்டு ஏ.சி., வாஷிங் மெஷின், கீசர். இரண்டு மாதத்துக்கு 1,100 யூனிட், பில் 8,000-ஐத் தொடும். கட்டணப் பட்டியலின் மேல் அடுக்கில் யூனிட் 11 ரூபாய்க்கு மேல் போகிறது. அவளும் அதே 3 கிலோவாட்தான் வைத்தாள். 700 யூனிட் கழிந்து 400-க்கு இறங்கியதும் பில் 1,200 ரூபாய் பக்கம் வந்துவிட்டது, ஏனென்றால் 500-க்குள் வந்தால் அந்தக் குறைந்த விலையும் திரும்பக் கிடைக்கிறது. மானியம் நேராக அவள் வங்கிக் கணக்கில் விழுந்தது. மூன்று வருஷத்துக்குள் போட்டதை எடுத்துவிடுவாள். வெயில் ஒன்றுதான், பேனல் அளவும் ஒன்றுதான்.

அதனால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் ஓடுகிற வீடு என்றால் அவசரப்பட வேண்டாம் என்பேன். வைத்தே தீர வேண்டுமென்றால் 1 கிலோவாட்டோடு நிறுத்துங்கள். 500-ஐத் தாண்டித் தாண்டி மாட்டிக்கொள்கிற வீட்டுக்கு நல்ல லாபம். யார் வந்தாலும் உங்கள் கடைசி ஆறு பில்லை முன்னால் வைத்து, “இதில் எவ்வளவு குறையும்?” என்று மட்டும் கேளுங்கள். பேனல், இன்வெர்ட்டர் இரண்டுக்கும் கம்பெனியும் மாடலும் எழுதி வாங்குங்கள். விண்ணப்பத்தை உங்கள் போனிலேயே, உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். நெட் மீட்டர் மாட்டும்வரை கடைசித் தொகையைக் கையை விட்டு விடாதீர்கள், இன்வெர்ட்டரைத் தொடவும் விடாதீர்கள்.

ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்காதது என்னுடைய இன்னொரு முட்டாள்தனம். கையில் இருப்பது ஒரு எஸ்டிமேட் தாள், ஜிபே ரசீதுகள், வாட்ஸ்அப் பேச்சு. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. நெட் மீட்டருக்கு நானே அலைந்து விண்ணப்பித்து, ஐப்பசியில் மாட்டினார்கள். இப்போது பில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, யூனிட் சேர்ந்துகொண்டே போகிறது. அதை வீணாக்குவானேன் என்று ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினேன். அம்மா அதில் களி கிண்ட மாட்டேன் என்கிறார்கள், பால் மட்டும் காய்ச்சுகிறார்கள்.

போன வாரம் பாலக்கோட்டில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். டிவி மேல் ஒரு வெள்ளைத் தாள் மடித்து வைத்திருந்தது. பிரித்தால் மேலே வேறொரு கடையின் முத்திரை, கீழே அதே 720 × 8, அதே இரண்டு கோடு. சித்தப்பா வீட்டில் இரண்டே ஃபேன். “பழைய கரன்ட் பில் ஒண்ணு எடுத்தாங்க சித்தப்பா” என்றேன். 190 யூனிட், இருநூற்றுச் சொச்சம் ரூபாய். பேனாவை வாங்கி அந்த இரண்டு கோட்டுக்குப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டு வந்தேன்.