வேர்டா, லேடெக்கா? கேமரா ரெடி வாரத்தை வைத்து ஒரு கணக்கு

மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரை ஏற்கப்பட்டது என்று மின்னஞ்சல் வந்த சந்தோஷம் ஒரு நாள் நிற்கும். மறுநாள் அதே மடலை நிதானமாகப் படித்தால் மற்ற சங்கதிகள் கண்ணில் படும். மதிப்பாய்வாளர்கள் கேட்ட திருத்தங்கள், பக்க வரம்பு, பதிப்பகத்தின் டெம்ப்ளேட், உரிமைப் படிவம், எல்லாவற்றையும் முடித்து, ‘கேமரா ரெடி’ எனப்படும் அச்சுக்குத் தயாரான இறுதிப் பிரதியைக் கொடுக்கப் பத்துப் பன்னிரண்டு நாள் கெடு. ஆய்வுக்கோவைக்கான (மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பு) கட்டுரையை வேர்டில் எழுதுவதா, குறியீடுகளோடு எழுதிப் பிடிஎஃப் ஆக்கும் லேடெக்கில் எழுதுவதா என்பதை இந்தப் பத்து நாளை மனதில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. முதல் வரைவு எழுதும்போது இரண்டுமே சுகமாகத்தான் இருக்கும். வித்தியாசம் கடைசியில்தான் தெரியவரும்.

முதலில் வேர்டு. அதன் பெரிய பலம், கூட எழுதுகிற எல்லோருக்கும் அது தெரியும் என்பதுதான். நான்கு பேர் சேர்ந்து எழுதும் கட்டுரையில் மூத்தவர் ஒருவர் மாற்றங்களைக் குறித்துக் காட்டும் டிராக் சேஞ்சஸைப் போட்டு, ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்புவார். வரிக்கு வரி ஏற்கலாம், மறுக்கலாம். லேடெக்கில் இதற்கு இணையாக லேடெக்டிஃப் என்ற கருவி உண்டு. பழைய பிரதியையும் புதிய பிரதியையும் ஒப்பிட்டு, மாறிய இடங்களை வண்ணத்தில் காட்டும். ஆனால் காட்டுவதோடு சரி. ஏற்பதும் மறுப்பதும் நம் கையால் செய்ய வேண்டிய வேலை.

வேர்டின் சிக்கல் ஸ்டைலில், அதாவது எழுத்துரு, அளவு, இடைவெளி எல்லாம் சேர்த்துப் பெயரிட்ட அமைப்பில், இருக்கிறது. பதிப்பகம் தரும் வேர்டு டெம்ப்ளேட்டில் தலைப்புக்கு ஒன்று, சுருக்கத்துக்கு ஒன்று, படவிளக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனி ஸ்டைல் இருக்கும். ஒவ்வொரு பத்திக்கும் அதற்குரிய ஸ்டைலைப் பொருத்தினால் டெம்ப்ளேட் அழகாக வேலை செய்யும். நடப்பது என்ன? எழுத்தைத் தேர்ந்தெடுத்து, தடித்ததாக்கி, அளவைக் கூட்டி, பார்வைக்குத் தலைப்பு மாதிரி ஆக்கிவிடுகிறோம். ஒருமுறை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஒருவர் மின்னஞ்சலிலிருந்து இரண்டு பத்தியை வெட்டி ஒட்டினார். பார்க்க வித்தியாசமே இல்லை. கடைசி நாளில் ஸ்டைல் பட்டியலைத் திறந்தால், டெம்ப்ளேட்டில் இல்லாத பதினேழு ஸ்டைல்கள். மூன்றாம் பகுதித் தலைப்பு எண்வரிசையில் சேரவே இல்லை. ஒட்டும்போது ‘எழுத்து மட்டும்’ என்ற தேர்வில் ஒட்டியிருந்தால் அந்த இரவு மிஞ்சியிருக்கும்.

இன்னொன்று படங்கள். வேர்டு, கோப்பைச் சேமிக்கும்போது படங்களைத் தானாகவே சுருக்கும் வழக்கமுடையது. அமைப்புகளில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய், படங்களைச் சுருக்க வேண்டாம் என்ற கட்டத்தை முதல் நாளே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். கடைசியில் தேர்ந்தெடுத்தால் ஏற்கெனவே மங்கிய படம் தெளிவாகாது.

இப்போது லேடெக். டொனால்ட் கனூத் 1970-களின் இறுதியில் உருவாக்கிய டெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருள் மீது, 1980-களில் லெஸ்லி லேம்போர்ட் கட்டியது இது. நாம் எழுதுவது உள்ளடக்கம். ‘இது தலைப்பு, இது படவிளக்கம்’ என்று குறியிட்டுவிட்டால், தோற்றத்தைப் பதிப்பகம் தரும் வகுப்புக் கோப்பு (லேடெக்கின் டெம்ப்ளேட்) பார்த்துக்கொள்ளும். ஸ்பிரிங்கர் பதிப்பகத்தின் எல்என்சிஎஸ் என்ற கணினியியல் ஆய்வுக்கோவை வரிசையில் எழுத்துப் பரப்பு 12.2 சென்டிமீட்டர் அகலம், 19.3 சென்டிமீட்டர் உயரம். அந்த வகுப்பைப் போட்டவுடன் இந்த அளவுகள் தாமாக அமையும், நாம் அளக்க வேண்டியதில்லை.

இதன் அருமை கட்டுரை திரும்பி வரும்போதுதான் புரியும். ஒரு மாநாட்டில் மறுக்கப்பட்ட கட்டுரையை, பக்கத்துக்கு இரண்டு நெடுவரிசை கேட்கும் இன்னொரு மாநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். வகுப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள், அது முழு உண்மையில்லை. ஆசிரியர் விவரம், சுருக்கம், துணைநூற்பட்டியலின் நடை ஆகியவை வகுப்புக்கு வகுப்பு மாறும், அகலமான அட்டவணை நெடுவரிசைக்குள் அடங்காமல் வெளியே நீட்டும். அரை நாள் வேலை இருக்கிறது. ஆனால் அதே மாற்றத்தை வேர்டில் செய்ய எனக்கு இரண்டு முழு நாள் பிடித்திருக்கிறது.

சமன்பாடு நிறைய இருந்தால் லேடெக்தான், இதில் விவாதமே வேண்டாம். வேர்டில் எழுத முடியாது என்றில்லை. ஆனால் பழைய ஈக்குவேஷன் எடிட்டரில் எழுதிய சமன்பாடுகளை இன்றைய வேர்டில் அப்படியே திருத்த முடியாது, பாதுகாப்புக் குறைபாடு காரணமாக 2018-ல் அது நீக்கப்பட்டுவிட்டது. பழைய கட்டுரையை விரிவாக்கி மாநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

துணைநூற்பட்டியலில் இரண்டும் ஏறக்குறைய சமம். மேற்கோள்களைத் திரட்டிப் பட்டியலிட வேர்டோடு சொட்டீரோ, லேடெக்கோடு பிப்டெக். பிப்டெக்கில் ஒரு பொறி உண்டு. பல நடைகள் கட்டுரைத் தலைப்பிலுள்ள பெரிய எழுத்துகளைச் சிறியதாக்கிவிடும், டிஎன்ஏ என்ற ஆங்கிலச் சுருக்கம் சின்ன எழுத்தில் வந்து நிற்கும். அந்தச் சொல்லை நெளிவு அடைப்புக்குள் போட்டால் தப்பிக்கலாம்.

எழுத்துருவில் வேர்டு ஜெயிக்கிறது. மொழியியல் கட்டுரையில் தமிழ் எடுத்துக்காட்டுகள் கொடுக்க வேண்டுமென்றால் வேர்டில் நேரடியாகத் தட்டச்சு செய்யலாம். லேடெக்கில் அதற்கு ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் என்ற லேடெக் வகை வேண்டும். பதிப்பகத்தின் டெம்ப்ளேட் வழக்கமான பிடிஎஃப்லேடெக்கை நம்பி எழுதப்பட்டிருந்தால், அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. இதைக் கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பது கொடுமை.

சரி, கோப்பு தயார். அதைப் பதிப்பகம் என்ன செய்யப்போகிறது? இரண்டு வழிகளையும் எடைபோடும்போது பலரும் விட்டுவிடும் கேள்வி இதுதான். எல்என்சிஎஸ் வரிசைக்கு பிடிஎஃப் மட்டும் போதாது, நாம் எழுதிய வேர்டு அல்லது லேடெக் மூலக் கோப்புகளையும் கொடுக்க வேண்டும். அவர்கள் அதை மறுபடி கோர்ப்பார்கள். ஆகவே பக்க வரம்புக்குள் அடங்க, வரிக்கு நடுவே இடைவெளியைத் திருட்டுத்தனமாகக் குறைத்த கைவேலையெல்லாம் அங்கே நிலைக்காது. ஒரு பத்தியை வெட்டுவதுதான் நேர்மையான வழி. ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தில் டாப்ஸ் என்ற அமைப்பு மூலக் கோப்பை வாங்கி, பிடிஎஃப்-உம் வலைப்பக்க வடிவமும் தயாரிக்கும். லேடெக்கில் எழுதுகிறவர்கள் அது ஒப்புக்கொள்ளும் பேக்கேஜ்களை (கூடுதல் வசதித் தொகுப்புகள்) மட்டுமே பயன்படுத்தலாம். வரைவிலேயே அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டால் பின்னால் அழ வேண்டாம். ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் மாநாடுகள் பலவற்றில் பிடிஎஃப் எக்ஸ்பிரஸ் என்ற சோதனைக் கருவி உண்டு. வேர்டு கோப்பைக் கொடுத்தால் மாற்றித் தரும், பிடிஎஃப் கொடுத்தால் சரிபார்த்துச் சொல்லும்.

இத்தகைய சோதனையில் லேடெக்காரர்கள் அடிக்கடி தோற்கும் இடம் ஒன்று, நானும் தோற்றிருக்கிறேன். கெடு முடிய மூன்று மணி நேரம் இருக்கையில், ‘டைப் 3 ஃபாண்ட் இருக்கிறது’ என்று, அதாவது சோதனை ஏற்காத எழுத்துரு வகை இருக்கிறது என்று, கோப்பு திரும்பி வந்தது. என் லேடெக் கோப்பில் எங்கே தேடியும் அப்படி எதுவும் இல்லை. கடைசியில் பார்த்தால், பைத்தானில் மேட்பிளாட்லிப் கொண்டு வரைந்த மூன்று வரைபடங்கள். அச்சுகளில் எழுதிய எண்களை அது இயல்பாகவே டைப் 3 வடிவில்தான் பிடிஎஃப்-இல் வைக்கும். அதன் அமைப்பில் பிடிஎஃப் ஃபாண்ட் டைப் என்ற இடத்தில் 42 என்று கொடுத்துப் படங்களை மறுபடி உருவாக்கினேன், கோப்பு தேறியது. வேர்டுக்காரர்கள் இந்தக் குழியில் விழுவது அபூர்வம். அவர்கள் பிடிஎஃப் ஆக்கும்போது, ஐஎஸ்ஓ 19005 என்று குறித்திருக்கும், நெடுங்காலச் சேமிப்புக்கான பிடிஎஃப்/ஏ தேர்வை இட்டுவிட்டால் எழுத்துருக்கள் எல்லாம் உள்ளே பதிந்துவிடும்.

பெயர் மறைத்து மதிப்பாய்வு செய்யும் மாநாடு என்றால், வேர்டு கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் ஒளிந்திருக்கும். ‘இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்’ என்பதை ஓட்டி அகற்றிவிடுங்கள். ஏசிஎம்மின் லேடெக் வகுப்பில் ‘அனானிமஸ்’ என்ற ஒரே சொல், முதல் பக்கத்து ஆசிரியர் விவரத்தை மறைத்துவிடும்.

நடுவழி ஒன்று ஓவர்லீஃப். லேடெக்கை உலாவியிலேயே பலர் சேர்ந்து எழுதலாம், கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். வேர்டு போலக் காட்டும் பார்வையும் இருப்பதால், குறியீடு பழகாதவர்களும் பத்திகளைத் திருத்த முடிகிறது. இலவசக் கணக்கில் கூட்டாளிகளின் எண்ணிக்கைக்கும், பிடிஎஃப் ஆக்க எடுக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. டைப்ஸ்ட் என்ற புதிய கருவியும் 2023 முதல் பேசப்படுகிறது, எழுத இனிமையானது. ஆனால் வேர்டு அல்லது லேடெக் மூலக் கோப்புதான் வேண்டும் என்று கேட்கிற இடத்தில் அது செல்லாது.

அப்புறம், வேர்டில் எழுதிவிட்டுக் கடைசியில் லேடெக்குக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று மட்டும் திட்டமிடாதீர்கள். பாண்டாக் போன்ற கருவி பத்திகளையும் தலைப்புகளையும் நன்றாகவே கொண்டுபோகும். ‘படம் 3-ஐப் பார்க்க’ போன்ற உள்குறிப்புகளும் சிக்கலான அட்டவணைகளும் பெரும்பாலும் உடையும். அவற்றைத் தேடித் தேடி ஒட்டுவதற்கு, முதலிலேயே லேடெக்கில் எழுதியிருக்கலாம்.

என் தேர்வைக் கேட்டால்: சமன்பாடு இருந்தாலோ, கட்டுரை வேறு மாநாட்டுக்கும் போக வாய்ப்பு இருந்தாலோ, ஓவர்லீஃபில் லேடெக். இணை ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு மேல் வேர்டை விட்டு நகர மாட்டார்கள் என்றால், தயங்காமல் வேர்டு. ஆனால் ஒரே ஒருவர் மட்டும் ஸ்டைல்களுக்குப் பொறுப்பு, மற்றவர்கள் எழுத்தை மட்டும் தொடலாம் என்று முதல் நாளே பேசிவிட வேண்டும்.

எதில் எழுதினாலும், கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாக பிடிஎஃப்-ஐ அடோபி ரீடரில் திறந்து கண்ட்ரோல்-டி அழுத்துங்கள். எழுத்துருப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ‘எம்பெடட்’ (உள்ளே பதிந்தது) என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாத பெயர் ஒன்று இருந்தாலும், அது எந்தப் படத்திலிருந்து வந்தது என்று தேட இரண்டு நாள் கையில் இருக்கும்.