"பொறுமையா இருங்க ப்ரோ": ஒயின் கிட் வாங்கி நான் ஏமாந்த கதை

வீட்டில் ஒயின் போடுகிறவர்களுக்கும், போடலாமா என்று யோசிக்கிறவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் ஒருவரிடம் கிட் வாங்கி மூன்று மாதத்தைத் தொலைத்து, 23 லிட்டரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு இதை எழுதுகிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. அந்த ஆள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார், போட்டும் பிரயோஜனமில்லை. ஏமாற்றும் விதத்தை மட்டும் அவர் மாற்றவே இல்லை, அதைத் தெரிந்துகொண்டால் போதும்.

கிட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: கெட்டியாக்கிய திராட்சைச் சாறு ஒரு பெரிய பையில் வரும். கூடவே ஈஸ்ட், பென்டோனைட் என்கிற களிமண் தூள், தெளிய வைக்கும் பொருட்கள், ஒயின் கெடாமலும் மறுபடி நொதிக்காமலும் இருக்கக் கடைசியில் போட வேண்டிய சல்ஃபைட்டும் சோர்பேட்டும் சின்னச் சின்ன பாக்கெட்டுகளில் இருக்கும். தண்ணீர் சேர்த்து 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட் தூவி, ஏர்லாக் (உள்ளே உண்டாகும் வாயுவைக் குமிழியாக வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பான்) போட்டு மூடினால் ஆறு வாரத்தில் பாட்டிலில் அடைக்கலாம். நல்ல கிட்டாக இருந்தால் இவ்வளவுதான் வேலை.

நான் செய்த முதல் முட்டாள்தனம், அவர் கேட்டார் என்று விற்பனைத் தளத்துக்கு வெளியே நேரடியாகப் பணம் அனுப்பியது. "கமிஷன் மிச்சம் ப்ரோ, அதை உங்களுக்கே தள்ளுபடியா தர்றேன்" என்றார். அந்த நிமிஷமே தளத்தின் பாதுகாப்பு போய்விட்டது. இரண்டாவது, பெட்டி வந்ததும் பிரிக்காமல் ஒன்பது நாள் அலமாரியில் வைத்தது. வார இறுதியில் நிதானமாகத் தொடங்கலாம் என்று நினைத்தேன். திருப்பி அனுப்பக் கெடு 15 நாள்.

பிரித்ததும் முதலில் உறுத்தியது பாக்கெட்டுகள். கம்பெனி பாக்கெட்டில் என்ன பொருள், எத்தனை கிராம், எப்போது போட வேண்டும் என்று அச்சடித்திருக்கும். இதில் வெறும் ஜிப் கவர்கள், மேலே பேனாவால் 1, 2, 3, 4. சாம்பல் தூள் பென்டோனைட் என்பது பார்த்தாலே தெரிந்தது. மற்ற மூன்றில் இரண்டு வெள்ளை. இதில் குழம்பி சோர்பேட்டை முதல் நாளே போட்டால் கதை அன்றைக்கே முடிந்தது. சோர்பேட் இருக்கும் சாற்றில் ஈஸ்ட் பெருகாது. கேட்டதற்கு "வரிசையா போடுங்க ப்ரோ, நம்பர் இருக்குல்ல" என்று பதில் வந்தது.

சாற்றைக் கலந்து ஹைட்ரோமீட்டரை இறக்கினேன். சாறு தண்ணீரைவிட எவ்வளவு கனம் என்று காட்டும் மிதவை அது, சர்க்கரை கூடினால் எண் கூடும். 1.080-க்கும் 1.090-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று தாளில் இருந்தது. நின்றது 1.058. இங்கே ஒரு விஷயம், ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடப்பது: கெட்டிச் சாறு கனமானது, அடியில் தங்கிவிடும், சரியாகக் கலக்காவிட்டால் மேலே தண்ணீர்தான் நிற்கும், அளவு குறைவாகக் காட்டும். ஆகவே அவர் "கலக்கல பாருங்க" என்றபோது நானே நம்பினேன். பத்து நிமிஷம் தோள் வலிக்கக் கலக்கி மறுபடி பார்த்தால் 1.066. ஹைட்ரோமீட்டர் பொய் சொல்கிறதோ என்று வெறும் தண்ணீரில் போட்டேன், சரியாக 1.000. ஆக, பையிலேயே சர்க்கரை குறைவு. அது அப்படியே நொதித்து 0.994-க்கு இறங்கினால்கூட ஒன்பதரை சதவீத ஆல்கஹால்தான் தேறும். பெட்டியில் போட்டிருந்தது 12. சுமார் 1.2 கிலோ சர்க்கரை சேர்த்து நானே 1.086-க்கு ஏற்றினேன். கிட் வாங்கியவன் எதற்கு இந்த வேலை செய்ய வேண்டும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து ஈஸ்ட். 5 கிராம். கை பொறுக்கும் சூட்டில், 38 டிகிரி தண்ணீரில் தூவினேன். உயிருள்ள ஈஸ்ட் கொஞ்ச நேரத்தில் ஊறிப் பாலாடை மாதிரி விரியும், ரொட்டி வாசனை வரும். இது ஆற்று மணல் மாதிரி அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இருந்தாலும் வாளியில் ஊற்றி மூடினேன். முதல் நாள் ஏர்லாக்கில் அசைவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி எழுந்துபோய் டார்ச் அடித்துப் பார்த்தேன், ஒரு குமிழி இல்லை.

அவருக்கு எழுதினேன். வந்த பதிலை அப்படியே தருகிறேன்: "ஒயின் அவசரத்துக்கு வராது ப்ரோ. ஒரு வாரம் தொடாதீங்க. பொறுத்தார் பூமி ஆள்வார்." கூடவே ஒரு ஸ்மைலி.

அவருடைய வியாபாரமே இந்தப் பழமொழிதான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. ஒயின் மெதுவாகத்தான் வரும் என்று நமக்கே தெரியும், அதனால் பொறு என்றால் பொறுப்போம். சரக்கு மோசம் என்று நிச்சயமாகத் தெரிவதற்குள் 15 நாள் ஓடிவிடும். ஒன்பது நாள் நானே விட்டுக்கொடுத்திருந்தேன், மிச்சத்தை அவர் வாங்கிக்கொண்டார். பதினாறாம் நாள் காலையில், கேட்காமலே அவரிடமிருந்து செய்தி: "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிருச்சு ப்ரோ, ஆனா என்ன ஹெல்ப் வேணும்னாலும் கேளுங்க."

இதற்கு நடுவே, ஈஸ்ட் போட்ட நாலாம் நாளே வேறு இடத்தில் ஒரு ஈஸ்ட் வாங்கிப் போட்டிருந்தேன். மறுநாளே நுரை கட்டியது. ஆக, வாளியில் கோளாறில்லை, என் கையிலும் இல்லை. நொதித்து முடித்து, வண்டலிலிருந்து பிரித்து, தெளிய வைத்து இரண்டு மாதம் கழித்து ருசி பார்த்தேன். சிவப்பு ஒயின் என்று வாங்கியது செங்கல் நிறத்தில் இருந்தது. பழ வாசனையே இல்லை. அடிபட்டுக் கறுத்த ஆப்பிளும் காய்ந்த திராட்சையும் சேர்ந்த மாதிரி ஒரு மணம். காற்றும் வருஷங்களும் பட்ட பழைய சாறு அப்படித்தான் மணக்கும்.

காலிப் பையைத் தூக்கிப் போடாமல் மடித்து வைத்திருந்தேன். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த தேதி அடுத்த வருஷம் வரைக்கும் இருந்தது. பையின் வாய்ப்பக்கம், வெல்டிங் வைத்த ஓரத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதிலும் அதே தேதி. நகத்தால் சுரண்டினால் வரவில்லை. வெந்நீரில் முக்கி எடுத்ததும் உரிந்தது. கீழே கம்பெனி அடித்த கறுப்புப் புள்ளி எழுத்து. காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

போட்டோ எடுத்து அனுப்பினேன், நடந்ததைப் பொதுவில் எழுதுவேன் என்றும் சொன்னேன். ஆள் உடனே இளகிவிட்டார். பணம் தர முடியாது, பதிலுக்கு 10 லிட்டர் "ஃப்ரெஷ் திராட்சைச் சாறு, எதுவும் கலக்காதது" அனுப்புகிறேன் என்றார். ஓணான் வேலியோடு போனது, நான் அதை மடியில் எடுத்து விட்டுக்கொண்டேன். சரி என்றேன்.

அந்தச் சாற்றைத் திறந்ததும் எரிந்த தீக்குச்சி நெடி. சல்ஃபைட் போட்டால் அப்படித்தான் இருக்கும், அது தப்பில்லை. துணி மூடி ஒரு நாள் விட்டால் பெரும்பாலும் அடங்கும். விட்டேன், அடங்கியது. ஈஸ்ட் போட்டேன், அசையவில்லை. இந்தத் தடவை அவருக்கு எழுதாமல் மூன்று டம்ளர் எடுத்தேன். முதலில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர். இரண்டாவதில் அவர் அனுப்பிய சாறு. மூன்றாவதில் நானே கடையில் திராட்சை வாங்கி, கையால் நசுக்கி எடுத்தது. மூன்றிலும் ஒரே பாக்கெட்டிலிருந்து அரை ஸ்பூன் ஈஸ்ட்.

காலையில் முதல் டம்ளரில் நுரை. மூன்றாவதில் தோலெல்லாம் மேலே எழும்பித் தொப்பி மாதிரி நின்றது, தட்டினால் சீறியது. நடு டம்ளர் மட்டும் நேற்று ஊற்றிய மாதிரியே இருந்தது. வீடியோ அனுப்பிய பிறகுதான் உண்மை வந்தது: "கெடாம இருக்க கொஞ்சம் பிரிசர்வேட்டிவ் போட்டிருப்பாங்க ப்ரோ." சோர்பேட்டோ பென்சோயேட்டோ, எதுவாக இருந்தாலும் சல்ஃபைட் மாதிரி திறந்து வைத்தால் போகிற சரக்கில்லை. குடிக்கிற ஜூஸுக்கு அது பரவாயில்லை. ஒயினுக்கு அந்தச் சாறு செத்த சாறு.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், முதலில் வீட்டில் ஒயின் போட உங்கள் இடத்தில் சட்டம் விடுகிறதா என்று பாருங்கள், பிறகு பணத்தைத் தளத்துக்குள்ளேயே கட்டுங்கள். பெட்டி வந்த அன்றே, போனில் வீடியோ ஓடும்போதே பிரியுங்கள். பெட்டியில் இருக்கும் தேதியை விடுங்கள், பையில் நேரடியாக அடித்த தேதியைத் தேடுங்கள். அதன்மேல் ஸ்டிக்கர் இருந்தால் சுரண்டுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. பை உப்பியிருந்தால் தொடவே வேண்டாம். கிட்டோடு வரும் ஈஸ்ட்டை நம்பி உட்காராமல் கையில் ஒரு புது பாக்கெட் வைத்திருங்கள், அதன் விலை பெரிதில்லை. பழச்சாறு வாங்கினால் வாளி முழுக்க ஈஸ்ட் கொட்டுவதற்கு முன் ஒரு டம்ளரில் பாருங்கள். 48 மணி நேரத்தில் அசைவில்லை என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்புவதாக எழுத்தில் சொல்லிவிடுங்கள், "ஒரு வாரம் பாருங்க" என்ற பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.

பணம் இன்னும் வரவில்லை. நேரடியாக அனுப்பியதால் தளத்தில் கைவிரித்துவிட்டார்கள். அந்த மூன்றாவது டம்ளரை மட்டும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் திராட்சை சேர்த்து நாலு லிட்டர் ஜாடியில் ஏற்றிவிட்டேன், சமையலறை மூலையில் அது பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது.

நேற்று வேறொரு பெயரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே பெட்டி, பையின் அதே ஓரத்தில் வெள்ளை ஸ்டிக்கர். தேதி மட்டும் இன்னும் ஒரு வருஷம் தள்ளியிருந்தது.