அரசியல் பேசக் கூடாத டீக்கடையில் அமெரிக்கத் தேர்தல்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்திலிருந்து நடக்கும் தொலைவில், ஒரு குறுக்குத் தெருவில் இருக்கும் இந்தத் தேநீர்க் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. பாய்லருக்கு மேலே தொங்கும் "இங்கு அரசியல் பேசக் கூடாது, கடன் கேட்கக் கூடாது" என்னும் தகரப் பலகை ஒன்றே அதன் அடையாளம். கடன் பற்றிய விதிக்கு இங்கே விலக்கு கிடையாது. அரசியல் பற்றிய விதிக்கு மட்டும், 2024இல் அமெரிக்க அதிபர் தேர்தல் சூடுபிடித்தபோது, உரிமையாளரே ஒரு விலக்கு அளித்துவிட்டார். "நம்மூர்க் கட்சியப் பேசுனாத்தான் கிளாஸ் உடையுது. அமெரிக்காவப் பேசி எவனும் எவன் சட்டையையும் புடிச்சதில்ல" என்பது அவருடைய தீர்ப்பு. அன்று முதல் இங்கே கிடைக்கும் பண்டங்களில் அமெரிக்கத் தேர்தல் விவாதமும் ஒன்றாகிவிட்டதால், இந்த மதிப்புரை அதையும் சேர்த்தே எடை போடுகிறது.

முதலில் டீ. டிக்காஷன் திடமாக இருக்கிறது, பால் தண்ணீராக இல்லை, ஆனால் சொல்லாவிட்டால் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிடுவார்கள். காலை மசால் வடை மொறுமொறுப்பாகவும் சோம்பு மணத்தோடும் இருக்கும். மாலை வாழைக்காய் பஜ்ஜியைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தை சொல்ல முடியாது, காலை எண்ணெயிலேயே அது வேகிறது என்பது என் சந்தேகம்.

உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள் கிடக்கின்றன. தெருவைப் பார்த்திருப்பது யானைப் பெஞ்சு, அதாவது குடியரசுக் கட்சி. அடுப்பை ஒட்டியது கழுதைப் பெஞ்சு, ஜனநாயகக் கட்சி. இந்த இரண்டு விலங்குகளையும் அந்தக் கட்சிகளின் அடையாளங்களாக நிலைபெறச் செய்தவை 1870களில் தாமஸ் நாஸ்ட் வரைந்த கேலிச்சித்திரங்கள். அவர் தமிழ் அறிந்திருந்தால் வேறு விலங்கைத் தேடியிருப்பார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இங்கே விவாதத்தின் பாதி பழமொழியிலேயே நடந்துவிடுகிறது. 2024 ஜூலை 21 அன்று பைடன் போட்டியிலிருந்து விலகியபோது "கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதை" என்றது யானைப் பெஞ்சு. டிரம்ப் மேடையில் வாய்க்கு வந்ததைப் பேசும்போதெல்லாம் "யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குது" என்று கழுதைப் பெஞ்சு திருப்பிக் கொடுத்தது. டிரம்ப்பின் 2020 தோல்வியை யாராவது நினைவுபடுத்தினால், "யானைக்கும் அடி சறுக்கும்" என்று யானைக்காரர்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். பைடனுக்குப் பதிலாகக் களமிறங்கிய கமலா ஹாரிஸின் தாத்தா ஊர் திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரம் என்பதால் "நம்ம டெல்டாப் பொண்ணு" என்று ஒரு பக்கம் உரிமை கொண்டாட, டிரம்ப்பின் துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸின் மனைவி உஷாவின் பூர்வீகம் ஆந்திரம் என்பதைச் சுட்டி, "அதுவும் பழைய மெட்ராஸ் மாகாணந்தானே" என்று மறுபக்கம் ஈடுகட்டியது.

யார் எந்தப் பெஞ்சில் உட்காருகிறார்கள் என்பதற்குக் கொள்கை காரணமில்லை என்பதைக் கொஞ்ச நேரம் கவனித்தாலே கண்டுகொள்ளலாம். பிள்ளைக்கு எச்1பி என்னும் வேலை விசா இன்னும் கைக்கு வராத அப்பாக்கள் கழுதைப் பக்கம். பிள்ளை கிரீன் கார்டு வாங்கி வீடும் வாங்கிவிட்ட அப்பாக்கள் யானைப் பக்கம். அன்ரிசர்வ்டு பெட்டியில் முண்டியடித்து ஏறியவன், ஏறிய கையோடு கதவைச் சாத்தச் சொல்வதைப் போன்றதுதான் இந்த இரண்டாம் வகையினரின் குடியேற்றக் கொள்கை. என் சாய்வு எந்தப் பெஞ்சு என்பது இந்த வாக்கியத்திலேயே தெரிந்துவிட்டிருக்கும், மறைக்கவும் விரும்பவில்லை.

கடையின் உண்மையான சிறப்பு, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் காலி கிளாஸ்களை வைத்து நடத்தும் தேர்வாளர் குழுப் பாடம். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக அமையும் இந்தத் தேர்வாளர்கள்தான், ஒரு மாநிலத்துக்கு ஒரு கிளாஸ். கலிபோர்னியாவுக்கு 54, டெக்சாஸுக்கு 40, புளோரிடாவுக்கு 30, பென்சில்வேனியாவுக்கு 19 என்று ஒவ்வொரு கிளாஸையும் பெஞ்சின் மேல் தட்டி வைப்பார். மொத்தம் 538, வெல்ல வேண்டியது 270. மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்த 48 மாநிலங்களிலும் முந்தியவருக்கே முழு கிளாஸும் என்று அவர் விளக்கி முடித்தபோது, டீ மாஸ்டர் கேட்ட கேள்வியைப் போல் ஒன்றை எந்தத் தொலைக்காட்சி நிபுணரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

"கலிபோர்னியாவுல இன்னும் பத்து லட்சம் ஓட்டு கூட வாங்குனாலும் அதே அம்பத்து நாலுதானா சார்?"

"அதேதான்."

"அப்ப அங்க மிஞ்சிக் கெடக்குற கழுதைக் கட்சிக்காரங்க, இழுபறியா இருக்குற பென்சில்வேனியாவுக்குக் குடும்பத்தோட குடி போயிடலாமே?"

2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கியும் தோற்றது எப்படி என்பது, இந்த ஒரு கேள்வியில் கடை முழுவதற்கும் புரிந்துவிட்டது. 2000இல் புளோரிடாவில் 537 வாக்குகள் ஜார்ஜ் புஷ்ஷை அதிபராக்கியதை வாத்தியார் சொன்னதும், ஒரு வக்கீல் குமாஸ்தா உற்சாக மிகுதியில் "அதென்ன பெருசு, 2016ல நம்ம காட்டுமன்னார்கோவில்ல வெறும் 87..." என்று ஆரம்பித்தார். உரிமையாளர் கரண்டியைத் தூக்கிப் பலகையைக் காட்டினார். பேச்சு ஒழுங்காகப் புளோரிடாவுக்குத் திரும்பியது. அதே குமாஸ்தாதான், 2024 நவம்பர் 6 அன்று மாலை நான்கு மணி வாக்கில் ஏபி செய்தி நிறுவனம் டிரம்ப் வெற்றியை அறிவித்தபோது, "ரிட்டர்னிங் ஆபீசர் கையெழுத்து எங்க?" என்று கடைசி வரை ஏற்றுக்கொள்ளாமல் இருந்தவர். 312க்கு 226 என்ற கணக்கு முடிந்த பிறகும், டிசம்பரில் தேர்வாளர்கள் கூடி வாக்களிக்கும் வரை பந்தயப் பணத்தைக் கொடுக்க முடியாது என்று சட்டம் பேசினார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான் என்பது வேறு விஷயம்.

கட்சி கட்டிக்கொண்டு பேசினாலும் இங்கே நகைச்சுவை கெட்டுப்போவதில்லை. 2024 அக்டோபரில் டிரம்ப் பென்சில்வேனியாவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் உருளைக்கிழங்கு வறுத்த படத்தைக் காட்டி யானைப் பெஞ்சு பெருமைப்பட்டபோது, "ஓட்டுக் கேட்டு வந்து வடை சுட்டவங்களையும் தோசை ஊத்துனவங்களையும் எத்தனையோ பார்த்தாச்சு, அதுல ஒருத்தராவது எண்ணெய்ச் சட்டியக் கழுவி வச்சிட்டுப் போனது உண்டா?" என்று மாஸ்டர் கேட்டார். ஊர்ப்பெயரும் கட்சிப்பெயரும் வராததால் கரண்டி உயரவில்லை. இந்த விதியின் அழகே அதுதான்: வாஷிங்டனைத் திட்டுவதாகச் சொல்லிக்கொண்டு யாரை வேண்டுமானாலும் திட்டலாம். 2025 ஆகஸ்ட்டில் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஏற்றுமதிக்கு இறால் அனுப்பும் ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு எதிர்ப் பெஞ்சுக்கு நகர்ந்ததை, அன்று யாரும் கேலி செய்யவில்லை.

உள்ளூர்ப் பெருமைக்கும் குறைவில்லை. அமெரிக்கத் தேர்தலில் கடலூருக்கே பங்கு உண்டு என்று வாதிடுபவர் ஓய்வு பெற்ற சர்வேயர். சென்னைக் கோட்டையின் தலைவராக எலிஹு யேல் இருந்தபோதுதான், 1690இல், தேவனாம்பட்டினத்துக் கோட்டை மராத்தியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரை உள்ள ஊர்களெல்லாம் சேர்ந்தே விலையாகின, குண்டு உப்பலவாடி இன்றும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கிறது. அதே யேல் பின்னாளில் கொடுத்த நன்கொடைக்காகப் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தில்தான் அதிபர்களான போர்டு, பில் கிளின்டன், புஷ் தந்தையும் மகனும் படித்தார்கள். 2004 அதிபர் தேர்தலில் மோதிய புஷ், கெர்ரி இருவருமே அதன் மாணவர்கள். வான்ஸ் சட்டம் படித்ததும் அங்கேதான். "ஆக, குண்டு இங்க விழுந்துச்சு, அதிபருங்க அங்க மொளைச்சாங்க" என்று முடிப்பார். வரலாற்றுத் தர்க்கத்தில் ஓட்டை இருந்தாலும் கேட்கச் சுவையாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்தது என்று தொடங்கும் எதையும் இங்கே யாரும் சரிபார்ப்பதில்லை. ஓஹையோ மாநிலத்து ஸ்பிரிங்பீல்டில் வந்தேறிகள் நாயைத் தின்றார்கள் என்னும் புளுகு, அங்கே மறுக்கப்பட்ட பிறகும் இங்கே பல நாள் ஓடியது. அமெரிக்காவுக்கு ஒரு பெண் அதிபராக முடியுமா என்று இரண்டு பெஞ்சுகளும் முழங்கிய மாலையில், கடைக்குள் ஒரு பெண்கூட உட்கார்ந்திருக்கவில்லை; வந்த இரண்டு பேரும் வெளியே நின்றபடியே பார்சல் வாங்கிக்கொண்டு போனார்கள். உரிமையாளர் வெளிப்புறத்தில் ஒரு பெஞ்சாவது போடலாம். கிளாஸ் கழுவும் நீரையும் இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஞாயிறு பிற்பகல் விடுமுறை. ஜிபே உண்டு, ஆனால் ஒரே ஒரு டீக்கு முகம் சுளிப்பார்கள். அடுத்த அதிபர் தேர்தல் 2028 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. முடிவுகள் நமக்குப் புதன் விடியற்காலையிலிருந்தே வரத் தொடங்கும். ஆறு மணிக்கு முன்பே போய்விடுவது நல்லது. பிந்தினால் எந்தப் பெஞ்சிலும் இடம் கிடைக்காது, மசால் வடையும் தீர்ந்திருக்கும்.