10 நிமிடமா, 45 நிமிடமா, ஒரு மணி நேரமா?

ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு தியானம் செய்பவர்கள் முதலில் பார்ப்பது அது எத்தனை நிமிடம் ஓடுகிறது என்பதைத்தான். அதில் குரல் எவ்வளவு, மௌனம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

செயலிகளில் கிடைக்கும் 10 நிமிடப் பதிவில், 'வசதியாக உட்காருங்கள், மூச்சைக் கவனியுங்கள்' என்பதிலேயே ஓரிரு நிமிடம் போய்விடும். நடுவிலும் பேச்சு ஓய்வதில்லை. மனம் கொஞ்சம் அடங்கும்போது மணி அடித்துவிடும். ஆனாலும் தினமும் உட்காரும் பழக்கம் வருவதற்கு இதுதான் லேசான வழி.

45 நிமிடம் என்பது அமெரிக்கத் தியான ஆசிரியர் ஜான் கபட்-ஜின்னின் கணக்கு. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் மன அழுத்தத்தைக் குறைக்க அவர் தொடங்கிய எட்டு வார வகுப்பில், 'பாடி ஸ்கேன்' கேசட்டைக் கொடுத்து வாரத்தில் ஆறு நாள் வீட்டில் கேட்கச் சொன்னார். படுத்துக்கொண்டு, இடது கால் விரல்களில் ஆரம்பித்து உடல் முழுவதும் கவனத்தை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். முதல் வாரம் நான் இடது முழங்காலைத் தாண்டவே இல்லை. அதற்குள் குறட்டை! மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு படுத்தால் வேறென்ன நடக்கும்? விடிகாலைக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு வலது கால் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது.

தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா கற்பித்த விபாசனா என்ற தியான முறை நேர் எதிர். 2013இல் அவர் மறைந்த பின்பும் 10 நாள் முகாம்களில் பாடம் நடத்துவது அவருடைய பதிவுக் குரல்தான். ஒரு மணி நேரக் கூட்டு அமர்வில் தொடக்கத்தில் கொஞ்சம் ஓதுவார், கடைசியில் 'பவது சப்ப மங்களம்' (எல்லோருக்கும் நன்மை உண்டாகட்டும்) வரும். இடையில் பெரும்பாலும் மௌனம். வீட்டுக்குப் போன பிறகும் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி உட்காரச் சொல்கிறார்கள். முகாம் போகாமல் இதில் இறங்க வேண்டாம். முழங்கால் ஒரு பக்கம் கத்தும், மனசு இன்னொரு பக்கம் கத்தும்.

சரி, நான் என்ன செய்கிறேன்? 10 நிமிடப் பதிவு முடிந்ததும் எழுந்திருக்காமல், குரலே இல்லாமல் இன்னொரு 10 நிமிடம் உட்காருகிறேன். என் அனுபவத்தில் அந்த இரண்டாவது பத்துதான் தியானம். ஒன்று மட்டும்: பதிவை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் அந்த மௌனத்துக்கு நடுவே எனக்கு ஆடித் தள்ளுபடி விளம்பரம் அலறியது.