சிவனொளிபாத மலை: அட்டன் பக்கமா, இரத்தினபுரிப் பக்கமா?

தைப்பொங்கல் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப்பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழும்: இந்த முறை சிவனொளிபாதம் போவோமா? போவதென்று தீர்ந்துவிட்டால், எந்தப் பக்கத்தால் ஏறுவது என்று அடுத்த வழக்குத் தொடங்கும். அட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போய் அங்கிருந்து ஏறலாம். இரத்தினபுரி வழியாகப் பலாபத்தலவுக்குப் போயும் ஏறலாம். குருவிட்ட, எரத்ன பக்கத்தால் வரும் பாதையும் உண்டு. அது மேலே இரத்தினபுரிப் பாதையோடு சேர்ந்துவிடுவதால் இங்கே தனியாக எடுக்கவில்லை.

நான் அட்டன் பக்கம் நிற்கிற ஆள். அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தபோது அதைத்தான் தேர்ந்தேன். இரத்தினபுரிப் பாதையை முழுதாக ஏறியவர் மச்சான். நான் மேலிருந்து அந்தப் பக்கம் கொஞ்சத் தூரம் இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பியதோடு சரி. ஆகவே அந்தப் பாதையைப் பற்றி நான் சொல்வதில் பாதிக்கு மேல் அவர் வாயால் கேட்டது என்பதை வைத்துக்கொண்டு படியுங்கள்.

மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணியே 1,200 மீற்றர் அளவில் இருக்கிற இடம். அங்கிருந்து ஏறவேண்டியது ஏறக்குறைய 1,000 மீற்றர்தான். அட்டன் ரயில் நிலையம் 1,262 மீற்றரில் இருக்கிறது, அதாவது மலையில் பாதியை ரயிலே ஏறிவிடுகிறது. பலாபத்தலவோ அடிவாரத்துக் கிராமம். அங்கிருந்து ஏறவேண்டிய உயரமும் நடக்கவேண்டிய தூரமும் இரட்டிப்புக்குக் கிட்ட வரும். நிதானமாக ஏறுகிறவர்களுக்கு அட்டன் பக்கம் மூன்று நான்கு மணித்தியாலம் என்றால், மற்றப் பக்கம் ஆறு முதல் எட்டு வரை போகும்.

பருவகாலம் இரண்டுக்கும் ஒன்றுதான். டிசம்பர் போயாவில், அதாவது பௌர்ணமியில், தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். அதற்கு வெளியே போனால் விளக்கும் இல்லை, கடையும் இல்லை. தென்மேற்குப் பருவமழை வேறு. எங்கள் பிள்ளைகளின் விடுமுறை டிசம்பரிலும் ஏப்ரலிலும் விழுகிறது என்பதற்காக அந்த நாட்களில் போகிறவர்கள்தான் அதிகம், ஆனால் முடிந்தால் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை பாருங்கள். ஏப்ரலில் பின்னேரத்து இடிமழை பிடித்துக்கொள்ளும். இரவில் ஏறிக் காலையில் இறங்கிவிட்டால் அதிலிருந்தும் தப்பலாம்.

கடைகளைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. அட்டன் பக்கம் தேத்தண்ணிக் கடை அடிக்கடி வரும். இருட்டில் விளக்குகள் மலையுச்சி வரை போவது கீழிருந்தே தெரியும். மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வரை தேயிலைத் தோட்டங்கள் என்பதால் பஸ்ஸிலும் கடையிலும் தமிழ் தாராளமாகப் புழங்கும். அம்மா தானே பேசிச் சுடுதண்ணி வாங்கிப் போத்தலில் நிரப்பிக்கொண்டார். இரத்தினபுரிப் பாதையில் கடைக்கும் கடைக்கும் இடைவெளி கூட, தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கவேண்டும் என்றார் மச்சான்.

இதெல்லாம் சில்லறை. என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்க்கிறது இறக்கம்.

எல்லோரும் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும் என்கிறார்கள். மூச்சு வாங்கினால் நின்றுவிடலாம். பத்து நிமிடம் ஒரு படியில் குந்தியிருந்தால் திரும்ப வந்துவிடும். மலைநோய் என்று பயப்படத் தேவையில்லை, அது பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல் போகிறவர்களின் தொல்லை. இறங்கும்போது வேலை வேறு. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை பாரத்தைத் தாங்கியபடி நீள்கிறது, பிரேக் பிடித்தபடி இறங்கும் லொறியைப் போல. அந்த வேலையில் தசை நார்கள் நுண்ணளவில் கிழிகின்றன. நோவு அன்றைக்கே தெரியாது. ஒரு நாள் விட்டு, இரண்டு நாள் விட்டு உச்சத்துக்கு வரும். முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் விழும் பாரமும் சமதரையில் நடப்பதைவிடப் பல மடங்கு. இது நின்று இளைப்பாறினால் தீருகிற களைப்பு இல்லை. உட்கார்ந்து எழும்பினால் இன்னும் இறுகும்.

எங்கள் ஆட்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். குடாநாடு முழுக்கத் தட்டைத் தரை. இறக்கத்தில் கால் வைத்துப் பழகச் சந்தர்ப்பமே இல்லை. மச்சான் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போய்வந்தவர். கிழக்குக் கரை முழுக்க நடந்து, குமண காட்டையும் தாண்டிய கால். அந்தத் துணிவில்தான் பலாபத்தலவால் ஏறினார். ஏறியதில் குறையே இல்லை, கூட வந்தவர்களுக்கு முன்னால் உச்சியில் நின்றார். திரும்பி அதே பாதையால் இறங்கும்போது பாதி வழியிலேயே தொடை நடுங்கத் தொடங்கிவிட்டது. கடைசிப் பகுதியை ஒவ்வொரு பாறையிலும் கையூன்றி உட்கார்ந்து உட்கார்ந்து கடந்திருக்கிறார். சமதரையில் எத்தனை நாள் நடந்தாலும் பிரேக் பிடிக்கிற தசை அதில் தயாராவதில்லை.

அட்டன் பக்கத்திலும் இறக்கம் இலேசு என்று நான் சொல்லமாட்டேன். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். ஒரு படி சாணளவு, அடுத்தது முழங்கால் உயரம். மகாகிரிதம்ப என்ற கடைசிச் செங்குத்தில் படிகள் ஒடுங்கிவிடும். ஆனால் அங்கே பிடிக்க இரும்புக் கம்பி இருக்கிறது. சித்தி அந்த இடத்தை இறங்கிய விதத்தை நான் பின்னால் நின்று பார்த்தேன். நேரே இறங்காமல் கம்பிப் பக்கம் முகத்தைத் திருப்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து, நண்டு நகர்கிற மாதிரி பக்கவாட்டில் ஒரு கால், அதோடு சேர்த்து மற்றக் கால். சேலைக் கரையை இடுப்பில் செருகியிருந்தார். பத்துப் படிக்கு ஒருமுறை கையை எடுத்துக் குளிரில் விறைத்த விரல்களை வாயருகே வைத்து ஊதினார். எதிரே ஏறி வந்த சிங்கள அம்மாமார் “கருணாவை” என்று யாத்திரிகர் வாழ்த்தைச் சொல்லிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் கண்டுபிடித்த அந்த முறைதான் சரியான முறை. பக்கவாட்டில் இறங்கும்போது முழங்கால் குறைவாக மடிகிறது, பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்கிறது.

கம்பி, ஒழுங்கான படி, பாதித் தூரம், நடுவில் உட்காரக் கடை: இந்த நான்கும் சேர்ந்துதான் சித்தியைக் காலையிலேயே கீழே கொண்டுவந்து சேர்த்தன. சமாதானத் தாதுகோபத்தைத் தாண்டியதும் நிலம் ஓரளவு மட்டமாகிவிடும், அங்கே கால் தானாக ஆறும். நான் பார்த்த அளவில் இரத்தினபுரிப் பாதையில் பாறையும் வேரும் கலந்த படிகள், மரநிழலில் ஈரம் காயாத கற்கள். மழை பெய்திருந்தால் அட்டையும் சேரும். சவர்க்காரத்தைக் காலில் பூசிக்கொண்டு போகவேண்டியதுதான். சிரட்டை நோவுள்ள ஒருவரை அந்தப் பாதையால் இறக்க எனக்கு மனம் வராது.

இந்த வழக்கு புதிதும் இல்லை. 1344-இல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா, புத்தளம் பக்கத்தில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, பாதமலைக்குப் போகவேண்டும் என்று கேட்டார். மன்னர் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பினார். பதூதா எழுதிவைத்ததில் மலைக்கு இரண்டு பாதைகள் வருகின்றன: ஒன்று பாபா (ஆதம்) பாதை, கடினமானது, மற்றது மாமா (ஏவாள்) பாதை, எளிதானது. எளிய பாதையால் ஏறினால் யாத்திரை செய்ததாகவே கணக்கில் எடுக்கமாட்டார்களாம். இன்றைக்கும் அட்டன் பக்கத்தால் போய்வந்தோம் என்றால் “அது படியேறினது, மலையேறினதில்லை” என்கிறவர்கள் உண்டு. பதூதா கடினமான பாதையால் ஏறினார். இறங்கியது எளிய பாதையால். அந்தக் கால ஆளுக்கும் இறக்கத்தின் கணக்குத் தெரிந்திருக்கிறது.

இரத்தினபுரிப் பக்கத்துக்காகப் பேசவேண்டியதையும் பேசிவிடுகிறேன். அட்டன் பக்கத்தின் பெரிய குறை கூட்டம். போயா நாளிலும் சனி, ஞாயிறிலும் மேற்பகுதியில் வரிசை அப்படியே நின்றுவிடும். ஒரு படி ஏற அரை மணித்தியாலம் நிற்கவேண்டி வந்து, சூரியன் உதிப்பதைப் படியில் நின்றே பார்த்தவர்கள் ஏராளம். உதயத்தின்போது மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழுவதையும் அவர்கள் தவறவிடுவார்கள். கிழமை நாளில் போனால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும். ஆனால் எல்லோருக்கும் கிழமை நாளில் லீவு கிடைக்காது. இரத்தினபுரிப் பாதையில் காடு இருக்கிறது, 2010-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் பகுதி அது. பகலில் ஏறினாலும் நிழல். ஒலிபெருக்கி இல்லை, பொம்மைக் கடை இல்லை. பறவைச் சத்தத்தையும் நீரோட்டச் சத்தத்தையும் கேட்டபடி ஏறியதுதான் அந்தப் பயணத்தில் மிச்சம் என்கிறார் மச்சான், தொடை நோவுக்குப் பிறகும். நான் இறங்கிப் பார்த்த துண்டிலும் அந்த அமைதி இருந்தது. இளம் வயதும் பழகிய காலும் இருந்தால் அதை இழக்கவேண்டாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து போய்ச்சேருவதிலும் அட்டனுக்கு ஒரு கை கூட. ரயிலில் போனால் கொழும்பு வரை போகத் தேவையில்லை. பொல்கஹவெலவில் இறங்கி மலையகப் பாதை ரயிலுக்கு மாறலாம். மழைக்காலத்தில் மலையகப் பாதை மண்சரிவால் தடைபடுவது உண்டு, புறப்படும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். அட்டனில் பருவகாலத்துக்கு நல்லதண்ணி பஸ் இருக்கும். வான் வண்டியில் போகிற குடும்பங்கள் ஏ9 வீதியால் கண்டிக்கு வந்து நாவலப்பிட்டிப் பக்கம் திரும்பலாம். எப்படிப் போனாலும் இறங்கியவுடன் இரவுப் பயணம் வைக்கவேண்டாம். மடங்கிய முழங்காலோடு எட்டு, பத்து மணித்தியாலம் வானில் இருந்தால் யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது ஆள் பிடித்துத் தூக்கவேண்டி வரும். ஒரு இரவு நல்லதண்ணியிலோ அட்டனிலோ தங்குங்கள்.

எந்தப் பக்கம் போனாலும் செய்யவேண்டிய ஒன்று: இறங்கிப் பழகுங்கள். மேல்மாடி உள்ள வீடோ அலுவலகமோ கிடைத்தால், இரண்டு மூன்று கிழமைக்கு முன்னிருந்தே படியை மெல்ல இறங்குவதைப் பயிற்சியாக்குங்கள். ஏறுவது எப்படியும் கூடவே வரும். ஒருமுறை இறக்கத்தில் நொந்து ஆறிய தசை அடுத்த சில கிழமைகளுக்கு அதே வேலையில் அவ்வளவு நோகாது. ஊன்ற ஒரு தடி வேண்டும். தடித்த காலுறையும் இருக்கட்டும், ஏனென்றால் உச்சியில் கோயில் முற்றத்தில் செருப்பைக் கழற்றவேண்டும், விடியற்காலைக் கல் கால் விறைக்கச் செய்யும். எங்கள் ஊர் வெப்பத்தைவிடப் பதினைந்து பாகையளவு குறைவு அங்கே, அதற்கு மேல் காற்று. குழந்தைகளுக்குக் காது மூடத் தொப்பி எடுங்கள்.

ஏறுவதும் இறங்குவதும் வேறு வேறு பக்கத்தால் செய்யலாமா என்று கேட்டால், செய்யலாம், செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பலாபத்தலவால் ஏறி நல்லதண்ணியால் இறங்குவதுதான் பொருத்தம். மறுதலையாக வைத்தால் நீளமான இறக்கம் களைத்த காலுக்கு வந்து சேரும். பையை முதுகில் தூக்கவேண்டும், வானோ அவிசாவளை, கித்துல்கல என்று சுற்றி நல்லதண்ணிக்கு வரவேண்டும். சாரதி ஒத்துக்கொண்டால்தான் ஆகும். மச்சானும் நானும் அடுத்த பருவத்துக்கு அப்படித்தான் பேசி வைத்திருக்கிறோம். சித்தி தானும் வருகிறேன் என்றால் திட்டத்தை மாற்றி அட்டனுக்கே டிக்கெட் எடுப்போம்.