அப்புத்தளை, பண்டாரவளை பக்கம் ட்ரெய்லருக்கு 'லோங் ரேஞ்ச்' வைஃபை அன்டெனா போடப் போகிறவர்களுக்கு

ட்ரெய்லர் வீடு, கெம்பர் வேன், மலைச்சரிவில் கபானா என்று எதையாவது வைத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவர்கள், அன்டெனாவுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எங்களிடம் 46,000 ரூபாய் வாங்கிக்கொண்டு கூரையில் நட்டுவிட்டுப் போன வெள்ளைக் குழாய் உருப்படியாக ஒருநாளும் வேலை செய்யவில்லை. அதுகூடப் பரவாயில்லை. அதை மாட்டப் போட்ட ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி உள்கூரைப் பலகை ஊறிப்போனதற்கு அதைவிடக் கூடுதலாகச் செலவாகிவிட்டது.

நானும் மச்சானும் சேர்ந்து கட்டிய ட்ரெய்லர் அது. வேனில் கொளுவி இழுத்துப் போகலாம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகும், மற்ற மாதங்களில் அப்புத்தளைக்கும் இதல்கஸ்ஹின்னவுக்கும் இடையில் ஒரு துண்டுக் காணியில் நிற்கும். காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் காணி மலை மடிப்புக்குள் இருப்பதால் போன் சிக்னல் வரும், போகும். வருகிறவர்கள் பையை இறக்கி வைப்பதற்கு முன்னாலேயே பாஸ்வேர்ட் கேட்கிறார்கள். எதிர்மலையில் தெரிந்தவர் ஒருவர் ஹோம்ஸ்டே நடத்துகிறார், அங்கே ஃபைபர் இருக்கிறது. மாதம் ஒரு தொகை கொடுத்தால் தன் லைனில் பங்கு தருகிறேன் என்றார். ரோட்டில் சுற்றிப் போனால் தூரம், நேர்கோட்டில் பார்த்தால் சுமார் 1.2 கிலோமீட்டர்தான்.

ஆக, லோங் ரேஞ்ச் அன்டெனா என்ற யோசனையில் பிழை ஒன்றும் கிடையாது. ஒழுங்கான சாமானை ஒழுங்காக மாட்டினால் இந்தத் தூரமெல்லாம் வைஃபைக்கு ஒரு தூரமே இல்லை. எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

டவுனில் ஒரு கடை. கெமரா, சோலார், டிவி டிஷ் எல்லாம் போட்டுக் கொடுக்கிறார்கள். முதலாளி குழாய் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு முழத்துக்கும் குறைவு. ஸ்டிக்கரில் 36 டிபிஐ என்று அச்சிட்டிருந்தது. "அஞ்சு கிலோமீட்டர் சும்மா இழுக்கும் அண்ணே. சுத்தி இருக்கிற ஹோட்டல் வைஃபை எல்லாம் வந்து விழும். போன் சிக்னலையும் சேர்த்துக் கூட்டிக் குடுக்கும்." சொன்னது மூன்றும் பொய்.

முதலில் அந்த 36. டிபிஐ என்பது அன்டெனா தன் சக்தியை எவ்வளவு குவிக்கிறது என்று சொல்லும் அளவு. அன்டெனா புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. எல்லாப் பக்கமும் பரப்புவதை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். குவிக்க வேண்டுமென்றால் உருவம் பெரிதாக வேண்டும். வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எல்லாத் திசையையும் பார்க்கும் குழாய் அன்டெனா 12 டிபிஐ கொடுக்க வேண்டுமென்றால் அது ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். 24 டிபிஐக்கு மீட்டர் அளவு கம்பிவலைத் தட்டு தேவை, அதுவும் ஒரு திசையை மட்டும்தான் பார்க்கும். முழ நீளக் குழாயில் 36 எங்கிருந்து வரும்? கடையில் ஒரு குழாயைக் கையில் எடுத்ததும் நீளத்தைப் பாருங்கள், ஸ்டிக்கரை அப்புறம் பார்க்கலாம்.

ஹோட்டல் வைஃபை சும்மா வந்து விழும் என்பது அடுத்தது. பாஸ்வேர்ட் இல்லாமல் எதுவும் விழாது. அதோடு அடுத்தவன் லைனைக் கேட்காமல் உறிஞ்சத்தான் அன்டெனா போடுகிறோம் என்றால் அது வேறு தொழில்.

போன் சிக்னலைக் கூட்டும் என்பது மூன்றாவது. நம் நாட்டில் 4ஜி ஓடுவது 900, 1800 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில். வைஃபைக்காகச் செய்த குழாய் அதைத் தொடாது. 4ஜி வேண்டுமென்றால் அதற்கென்று வேறு அன்டெனா, சிம் போடும் ரவுட்டர் எல்லாம் தனியாக இருக்கின்றன. நுவரெலியாவில் நிற்கும்போது நாங்கள் அதைத்தான் பாவிக்கிறோம்.

மலைநாட்டுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது, கடைக்காரர்கள் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. குழாய் அன்டெனா பலம் கூடக் கூட, அதன் பார்வை தட்டையாகிவிடும். 12 டிபிஐ குழாய் மேலும் கீழுமாகச் சேர்த்தே 7 பாகை அளவுதான் பார்க்கும். அதாவது நேர்மட்டத்திலிருந்து மேலே மூன்றரை, கீழே மூன்றரை. சமவெளியில் அது போதும். எங்கள் காணியிலிருந்து அந்த ஹோம்ஸ்டே 150 மீட்டர் அளவு உயரத்தில் இருக்கிறது. 1.2 கிலோமீட்டர் தூரத்துக்கு அது 7 பாகை அண்ணாந்து பார்க்கும் கணக்கு. நிஜமான 12 டிபிஐ குழாயே கிடைத்திருந்தாலும் அதன் பார்வை ஹோம்ஸ்டேக்குக் கீழே இருக்கும் தேயிலையில்தான் போய் முட்டியிருக்கும். ட்ரெய்லர் சரிவில் கொஞ்சம் சாய்ந்து நின்றால் கேட்கவே வேண்டாம்.

மாட்ட வந்த தம்பியைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சின்னப் பையன், முதலாளி சொன்னதைச் செய்தான். கூரையில் டிரில் போட்டான், பிரக்கெட்டை நாலு ஸ்குரூவில் இறுக்கினான், கேபிள் இறங்க ஐந்தாவதாக ஒரு ஓட்டை, சுற்றிவர சாதாரண சிலிக்கன். கேபிள் பென்சிலை விட மெல்லிய கறுப்புக் கேபிள். பத்து மீட்டர் வந்தது. தேவை மூன்று மீட்டருக்கு மேல் இல்லை. மிச்சத்தை வெட்டாமல் வளையமாகச் சுருட்டி அலமாரிக்குள் தள்ளிவிட்டான். அந்த ரகக் கேபிளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவு குறையும். பத்து மீட்டருக்குப் பத்து டெசிபெல். அன்டெனா பிடித்த சக்தியில் பத்தில் ஒரு பங்குதான் ரவுட்டருக்கு வந்து சேரும்.

முடிந்ததும் போனைக் காட்டினான். வைஃபை முழுக் கோடு. "பாருங்க அண்ணே, ஃபுல்."

இந்த இடத்தைக் கவனமாகப் பாருங்கள், பலரை இதில்தான் மடக்குகிறார்கள். போனில் தெரியும் கோடு, போனுக்கும் ட்ரெய்லருக்குள் இருக்கும் ரவுட்டருக்கும் இடையிலானது. ரவுட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் கோடு முழுதாகத்தான் இருக்கும், எதிர்மலையில் ஃபைபரே இல்லாவிட்டாலும். பார்க்க வேண்டியது ரவுட்டரின் உள்பக்கத்தில், தூரத்து வைஃபை எவ்வளவு பலமாக வருகிறது என்ற எண்ணை. அது டிபிஎம் என்ற சிக்னல் அளவில், மைனஸில் வரும்; பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. மைனஸ் 65 பக்கம் இருந்தால் வீடியோ கோல் தாராளமாகப் போகும். மைனஸ் 75 என்றால் ஒப்பேற்றலாம். மைனஸ் 85ஐத் தாண்டினால் பெயருக்குத்தான் கனெக்ஷன். எங்களுடையது நல்ல வெயில் நாளில் மைனஸ் 88 காட்டிவிட்டு அறுந்துபோகும். ஸ்பீட் டெஸ்ட் பாதியிலேயே நின்றுவிடும்.

கடைக்குக் கோல் எடுத்தால் ஒரே பதில்: "மிஸ்ட் அண்ணே. மிஸ்ட் கலைஞ்சா சரியாயிடும்."

அப்புத்தளையில் மிஸ்ட் கலையும் வரைக்கும் காத்திருக்கச் சொல்வது நல்ல வியாபாரத் தந்திரம். ஆனால் மூடுபனி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஒன்றும் செய்யாது. கை நீட்டினால் விரல் தெரியாத மிஸ்ட்டிலும் ஒரு கிலோமீட்டருக்குப் பத்தில் ஒரு டெசிபெல்கூடக் குறையாது. சோவென்று கொட்டும் மழையும் இந்தத் தூரத்துக்குப் பெரிய விஷயமில்லை. மிகவும் உயர்ந்த அலைவரிசைகளுக்குத்தான் மழை எதிரி. வைஃபையைக் குடிப்பவை ஈர இலைகள். இடையில் சவுக்கு மர வரிசை நின்று, மழையில் நனைந்தால் சிக்னல் படுத்துவிடும். அதுவும் இரண்டு முனைக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் ஒரு கோடு மட்டும் திறந்திருந்தால் போதாது. 1.2 கிலோமீட்டருக்கு நடுப்பகுதியில் அந்தக் கோட்டைச் சுற்றி ஆறு மீட்டர் அளவு வெளி இருப்பது நல்லது. எங்கள் வழியில் மரமே இல்லை, பள்ளம்தான். மிஸ்ட்டைத் தவிர அவர்களுக்குக் குறை சொல்ல வேறு ஒன்றும் கிடைக்கவில்லை.

பிறகு வடகீழ்ப் பருவமழை பிடித்தது. ஊவாப் பக்கம் நவம்பர், டிசம்பர் மழை எப்படி என்று தெரியும்தானே. படுக்கைக்கு மேலே உள்கூரையில் டீக்கறை மாதிரி ஒரு வட்டம் வந்தது. விரலால் அமத்தினால் பலகை உள்ளே போனது. மச்சான் கூரையில் ஏறி பிரக்கெட்டைக் கழற்றினான். சிலிக்கனை நகத்தால் பிடித்து இழுக்க ஒரே துண்டாக உரிந்து வந்தது. அடியில் தூசி அப்படியே இருந்தது, துடைக்காமலே அப்பியிருக்கிறார்கள். ஸ்குரூக்கள் துருவேறிக் கழுத்திலேயே முறிந்தன. கேபிள் நேராக ஓட்டைக்குள் இறங்கியதால் அதைப் பிடித்துக்கொண்டே தண்ணீரும் இறங்கியிருக்கிறது. உள்ளே போவதற்கு முன் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிப் போயிருக்கும். ட்ரெய்லர் ரோட்டில் ஓடும்போது கூரை நெளியும், அதிரும். வீட்டுச் சுவருக்குப் பூசும் சிலிக்கன் அதற்குத் தாங்காது. பிரக்கெட்டுக்கு அடியில் பியூட்டில் டேப் என்ற ரப்பர் மாதிரி ஒட்டும் பட்டி வைத்து, மேலே கூரைக்கென்று விற்கும் சீலன்ட் போட வேண்டும். அதைவிட நல்லது கூரையில் ஓட்டையே போடாமலிருப்பது.

கழற்றிய குழாயைச் சும்மா வைத்திருக்க மச்சானுக்கு மனமில்லை, மூடியைத் திருகித் திறந்துவிட்டான். அடியில் ஒரு விரல் நீளத்துக்குச் செம்புக் கம்பி, கேபிளின் நடுக்கம்பியோடு கோணலாக ஈயம் வைத்துப் பற்றவைத்தது. அதற்கு மேலே ஒரு பஞ்சுத் துண்டு. மிச்சக் குழாய் முழுக்கக் காற்று. வீட்டு ரவுட்டரோடு இலவசமாக வரும் அன்டெனாவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

சரியாக எப்படிச் செய்வது என்று நுவரெலியாவில் ஹோட்டல்களுக்கு நெட்வர்க் போடும் ஒரு தம்பி வந்து காட்டினார். வந்ததும் அவர் கேட்டது, "அந்தப் பக்கம் என்ன இருக்கு அண்ணே?" கடையில் யாரும் கேட்காத கேள்வி. அந்தப் பக்கம் இருந்தது கொன்கிரீட் சுவருக்குள் ஒரு வீட்டு ரவுட்டர். வைஃபை இரண்டு பக்கப் பேச்சு. நாம் எவ்வளவு பெரிய காது வைத்தாலும் அந்த முனை முணுமுணுத்தால் கேட்காது. ஆகவே இரண்டு முனையிலும் ஒரு திசையைப் பார்க்கும் சின்னப் பெட்டி, ஒவ்வொன்றும் 9 டிபிஐ, வெளியில் மழையில் நிற்கக்கூடியது. ரேடியோ அந்தப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் மெல்லிய கேபிளில் சிக்னல் சாகிற கதையே இல்லை. கீழே வருவது சாதாரண நெட்வர்க் கேபிள், மின்சாரமும் அதிலேயே ஏறுகிறது. பெட்டிக்கு 24 வோல்ட் வேண்டும், ட்ரெய்லர் பெட்டரி 12 வோல்ட், நடுவில் ஒரு சின்னக் கன்வேட்டர். சில வாட் மட்டும் இழுப்பதால் சோலாருக்குப் பாரமில்லை.

கம்பம் கூரையில் இல்லை. ட்ரெய்லரை இழுக்கும் கொளுக்கிப் பக்கம் பிரக்கெட்டில் செருகி, நிறுத்தியதும் தூக்கி, கிளம்பும்போது கழற்றி வைக்கிற மாதிரி. இடம் மாறினால் திரும்பவும் குறி பார்க்க வேண்டும், அது ஒரு வேலைதான். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் தொடங்கும்போது கம்பத்தை இறக்கி கேபிளையும் கழற்றிவிடுகிறோம். இப்போது ரவுட்டரில் மைனஸ் 66, 67 காட்டுகிறது. மிஸ்ட்டிலும் அதே எண்தான்.

இன்னும் அட்வான்ஸ் கொடுக்காதவர்கள் பில்லில் மொடல் பெயர், டிபிஐ, எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு, வேலை முடிந்ததும் எத்தனை டிபிஎம் என்று எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை. எங்கள் பில்லில் "அன்டெனா செட்" என்று மட்டும் இருந்தது, மிச்சத்தை வட்ஸ்அப் மெசேஜ்கள்தான் காப்பாற்றின. 36 டிபிஐ, ஐந்து கிலோமீட்டர் என்று கடை முதலாளியே எழுதி அனுப்பியிருந்தார்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, தொலைபேசி 1977. முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் மிஸ்ட் கலையட்டும் என்று இழுத்தடிப்பவர்களை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். கேட்டால் பில் கொடுப்பது கடைக்காரரின் சட்டக் கடமை, இதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. நாங்கள் பில், மெசேஜ்களின் படம், திறந்த குழாயின் படம், உள்கூரையின் படம் எல்லாம் இணைத்துக் கொடுத்திருக்கிறோம். கடைக்குக் கடிதம் போனபின் முதலாளி கோல் எடுத்து, பாதிக் காசு தருகிறேன், முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள் என்றார். மச்சான் முழுக் காசும் கூரைச் செலவும் கேட்டிருக்கிறான். விசாரணை நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

அந்தக் குழாயை வேறு கடைகளும் விற்கின்றன, ஸ்டிக்கரில் எண் மட்டும் மாறும். யாருக்காவது அதை வாங்கச் சொல்லி ஆலோசனை வந்தால் நீளத்தை அளந்து, உள்ளே திறந்து காட்டச் சொல்லுங்கள்.