ரோமில் ஒன்பது வருடச் சாப்பாடு: வியாழன் நியோக்கி, சனி குடல்

"ரோம் வர்றோம், எங்க சாப்பிடலாம்?" என்று ஊரிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்தக் கிழமை வர்றீங்க?" என்றுதான். வியாழன் என்றால் நியோக்கி, அதாவது உருளைக்கிழங்கு மாவில் பிடித்த சின்னச் சின்ன உருண்டைகள். வெள்ளி என்றால் மீன், பெரும்பாலும் உப்பிட்டுக் காயவைத்த காட் மீனை ஊறவைத்துச் சமைக்கும் பக்காலா. சனி என்றால் குடல். இது நானாகப் போட்ட அட்டவணை இல்லை. "ஜொவெதி நியோக்கி, வெனெர்தி பெஷே, சாபாத்தோ திரிப்பா" என்று ரோம்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சொலவடை. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், அதனால் அதற்கு முதல் நாளே வயிறு நிரம்ப ஒன்று. அப்போது ஞாயிறு விருந்துக்கு சனிக்கிழமை மாடு வெட்டுவார்கள், அன்றைக்கே உள்ளுறுப்புகள் மலிவாகக் கிடைக்கும். கிழமை பார்த்து உலை வைக்கும் ஊர் இது.

நான் 2016 ஜனவரியில் வேலை நிமித்தமாக இங்கே வந்தேன். அன்றிலிருந்து டெஸ்டாச்சோ பகுதியில்தான் வீடு. வாரத்துக்கு இரண்டு வேளையாவது வெளியில் சாப்பிடுகிறேன், பாதி நாள் தனியாக. முதல் வருடம் முழுக்கத் தப்பாகத்தான் சாப்பிட்டேன். கைப்பேசியில் நட்சத்திரம் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் கடை. எல்லா இடத்திலும் ஓரளவு நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரு கடையும் மனதில் நிற்கவில்லை. ரோமின் பழைய உணவகமான டிராட்டோரியா ஒரு தடவை வந்து போகிறவர்களுக்காக உண்டானது இல்லை. அது நம் ஊர் மெஸ் மாதிரி. திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காகவே அங்கே அடுப்பு எரிகிறது.

எங்கள் தெருமுனைக் கடைக்கு மூன்றாவது முறை போனபோதுதான் அது எனக்குப் புரிந்தது. முதல் இரண்டு முறையும் கடைக்காரர் என்னை 'லேய்' என்று, அதாவது 'நீங்கள்' என்று, மரியாதையாகக் கூப்பிட்டார். மூன்றாவது முறை நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, "சிஞோ, கே தே போர்த்தோ?" என்றார். "அம்மா, உனக்கு என்ன கொண்டு வரட்டும்?" 'நீங்கள்' போய் 'நீ' வந்துவிட்டது. அன்றைக்கு அவர் மெனு அட்டையைத் தரவேயில்லை. உள்ளே என்ன நன்றாக வந்திருக்கிறது என்று வாயாலேயே சொன்னார். அதிலிருந்து நான் அங்கே அட்டையைத் தொட்டதில்லை.

டெஸ்டாச்சோவைப் பற்றிச் சொல்லாமல் ரோம் சாப்பாட்டைச் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நகரத்தின் பெரிய இறைச்சிக்கூடத்தை இங்கேதான் கட்டினார்கள். 1975-ல் அது மூடப்பட்டது. இப்போது அதன் ஒரு பகுதியில் கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிறார்கள், இன்னொரு பகுதியில் கண்காட்சிகள் நடக்கின்றன. ஆனால் மாட்டைத் தொங்கவிட்டு நகர்த்திய இரும்புத் தண்டவாளங்களும் கொக்கிகளும் இன்னும் தலைக்கு மேலே அப்படியே இருக்கின்றன. அங்கே வேலை செய்த தொழிலாளிகளுக்குக் கூலியின் ஒரு பங்காகக் கிடைத்தது உள்ளுறுப்புகளும் வாலும் தலையும்தான். மாட்டை நான்கு கால்பங்காகப் பிரித்து, நல்லதெல்லாம் வசதி உள்ளவர்களுக்குப் போன பிறகு மிஞ்சியது 'குவிந்தோ குவார்த்தோ', ஐந்தாவது கால்பங்கு. இன்றைக்கு ரோம் சமையல் என்று உலகம் கொண்டாடுவதில் பெரும்பங்கு அந்தக் கூலிக்காரர்கள் வீட்டுப் பெண்களும், இறைச்சிக்கூடத்தைச் சுற்றி இருந்த சின்னக் கடைகளும் உருவாக்கியதுதான். இறைச்சிக்கூடத்துக்கு எதிரே 1887-ல் தொடங்கிய கெக்கீனோ என்ற குடும்ப உணவகம் இன்னும் நடக்கிறது. 'கோடா அல்லா வச்சினாரா' என்ற மாட்டுவால் குழம்பை அந்தக் குடும்பத்தின் பெயரோடு சேர்த்துத்தான் இங்கே சொல்வார்கள். வாலைத் துண்டு போட்டு, தக்காளியோடும் நிறைய செலரித் தண்டோடும் மணிக்கணக்கில் சிறு தீயில் வேகவிடுவார்கள். சில வீடுகளில் கடைசியில் கொஞ்சம் கொக்கோ, பைன் விதை, உலர்திராட்சை சேர்ப்பதும் உண்டு. எலும்புக் கணுவில் ஒட்டியிருக்கும் சதை முள்கரண்டிக்கு வராது, கையால் எடுத்துத்தான் உறிஞ்ச வேண்டும். பக்கத்து மேசைப் பாட்டி அப்படிச் செய்வதைப் பார்த்த பிறகு நானும் கூச்சப்படுவதில்லை.

2018-ல் மதுரையிலிருந்து அப்பா வந்தார். ஒரு வாரம் பாஸ்டாவும் ரொட்டியும் சாப்பிட்டு முகம் வாடியிருந்தவரைச் சனிக்கிழமை மதியம் எங்கள் தெருமுனைக் கடைக்குக் கூட்டிப் போனேன். என்ன வரப்போகிறது என்று சொல்லவில்லை. மண் சட்டியில் திரிப்பா வந்தது. தக்காளிச் சாற்றில் வெந்த இரைப்பை, தேன்கூடு போலக் கட்டம் கட்டமான துண்டுகள், மேலே துருவிய பெக்கொரினோ பாலாடைக்கட்டி, மென்தூச்சா என்ற காட்டுப் புதினா. அப்பா கரண்டியால் ஒரு துண்டைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். வாயில் போட்டு மெதுவாக மென்றார்.

"நல்லாக் கழுவியிருக்கான்மா."

குடல் சாப்பிட்டு வளர்ந்தவர் முதலில் பார்ப்பது அதைத்தானே. அப்புறம் இரண்டாவது கரண்டி. "புதினாவக் கடைசியில போட்டிருக்கான். தேங்கா இல்ல, சோம்பு இல்ல. ஆனா குடல் குழம்புதான் இது." கடைக்காரர் எங்கள் மேசைக்கு வந்தபோது அப்பா அவரிடம் நேராகத் தமிழிலேயே, "எத்தன தண்ணி கழுவுனீங்க?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒரு கையின் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார். அப்பா தலையாட்டி ஒத்துக்கொண்டார். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். இந்த ஒன்பது வருடத்தில் நான் சாப்பிட்ட வேளைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த மதியம்தான்.

உள்ளுறுப்பு பழக்கமுள்ளவர்கள் பயாட்டாவையும் தேடிப் பார்க்கலாம். பால்குடி மறவாத கன்றின் சிறுகுடல், உள்ளே இருக்கும் பாலோடு சேர்ந்தே வெந்து தயிர் போலத் திரண்டிருக்கும். மாட்டு மூளை நோய் பயத்தில் 2001-ல் இதைத் தடை செய்தார்கள். 2015-ல்தான் தடை நீங்கியது. நான் வந்த வருடம் கடைகளில் அதைத் திரும்பக் கிடைத்த சொத்து மாதிரி எழுதிப் போட்டிருந்தார்கள்.

இறைச்சிக்கு வெளியே வந்தால் ரோமின் நான்கு பாஸ்டாக்கள். இவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நான்கும் ஒரே குடும்பம். பன்றிக் கன்னத்தை உப்பிட்டுப் பதப்படுத்திய குவாஞ்சாலே, பெக்கொரினோ, மிளகு என்றால் கிரிச்சா. அதில் தக்காளி சேர்ந்தால் அமாத்ரிச்சானா, முட்டை சேர்ந்தால் கார்போனாரா. குவாஞ்சாலேயை எடுத்துவிட்டால் காச்சோ எ பேபே. கார்போனாராவில் கிரீம் ஊற்றும் கடையில் நான் இரண்டாவது முறை உட்கார்ந்ததில்லை. அமாத்ரிச்சானா எனக்கு வேறு காரணத்தால் நெருக்கம். 2016 ஆகஸ்ட் 24 விடியற்காலை அமாத்ரிச்சே ஊரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அந்தப் பகுதியில் ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பல வாரங்களுக்கு இங்கே பல கடைகளில் ஒரு தட்டு அமாத்ரிச்சானா விற்றால் 2 யூரோ அந்த ஊருக்குப் போனது. ஒன்று சாப்பிட்டவர் கொடுத்தது, ஒன்று கடைக்காரர் கொடுத்தது. நான் முதன்முதலாக அமாத்ரிச்சானா சாப்பிட்டது அந்த நாட்களில்தான்.

காச்சோ எ பேபேயில் பாலாடைக்கட்டியும் மிளகும் தவிர வேறொன்றும் இல்லை. அதனால்தான் அது கஷ்டம். டெஸ்டாச்சோவில் 1936-லிருந்து இருக்கும் ஃபெலிச்சே என்ற கடையில் இதை மேசையிலேயே கலக்கித் தருவார்கள். ஆவி பறக்கும் தொன்னரெல்லி என்ற நீள இழைப் பாஸ்டா, அடியில் கொஞ்சம் பாஸ்டா வெந்த கஞ்சித்தண்ணீர், மேலே குன்றாகப் பெக்கொரினோ. பரிமாறுகிறவர் இரண்டு கைக் கரண்டியாலும் அடியிலிருந்து அள்ளி அள்ளிப் புரட்டுவார். முதலில் மாவும் தண்ணீருமாகத் தனித்தனியே தெரியும். இது சேராது என்று நாம் நினைக்கிற நேரத்தில் கஞ்சியின் பசையில் பாலாடைக்கட்டி கரைந்து, ஒவ்வொரு இழையிலும் குழைந்த பாலேடு போலப் படிந்துவிடும். சூடு அதிகமானால் கட்டி தட்டும், ஆறினால் இறுகிவிடும். தட்டு வந்ததும் படம் எடுத்துக்கொண்டிருக்காமல் சாப்பிட்டுவிடுங்கள். அந்த மிளகு வாசனை வரும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். முசிறி போன்ற நம் மேற்குக்கரைத் துறைகளிலிருந்து கப்பலேறிய மிளகு, டொமிஷியன் என்ற பேரரசர் இந்த ஊரில் கட்டிய மிளகுக் கிடங்குகளில் வந்து இறங்கியிருக்கிறது. பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரத்துக்குப் பக்கத்தில்தான் அந்த இடம், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெக்கொரினோ ரொமானோவுக்குப் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் சேர்க்கிறார்கள். காச்சோ எ பேபே பார்க்கச் சைவம், முழுச் சைவம் இல்லை. பூந்தாரெல்லே என்ற கீரைத்தண்டு சாலட்டில் நெத்திலி அரைத்திருக்கும். நம்பிச் சாப்பிடக்கூடியது ஆர்ட்டிசோக், இதழ் இதழாக அடுக்கிய பூமொட்டு மாதிரியான காய். அதன் பருவம் குளிர்காலக் கடைசியிலிருந்து வசந்தம் வரை. புதினாவும் பூண்டும் அடைத்து எண்ணெயில் மெதுவாக வேகவைத்தால் ரோம் முறை. முழுசாக இரண்டு முறை பொரித்து, சூரியகாந்திப் பூ மாதிரி விரியவைத்தால் யூத முறை. யூதர்களை 1555-ல் மதில் போட்டு அடைத்த கெத்தோ பகுதியில் அவர்களுடைய பழைய சமையல் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த மொறுமொறு இதழ்களை ஒவ்வொன்றாக ஒடித்துச் சாப்பிட, மார்ச் மாதம் அங்கே போங்கள். ஜூலையில் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி பில் விஷயம். 2016-ல் ஒரு தோழியோடு பியாட்சா நவோனாவுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மீன் சொன்னேன். அட்டையில் 7 யூரோ என்று இருந்தது. பில்லில் 63. அட்டையில் விலைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'எத்தோ' என்று போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. எத்தோ என்றால் 100 கிராம். மீன் 900 கிராம். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி, ஆனால் எடை எவ்வளவு என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து முழு மீன் என்றால் எடை போட்டு, மொத்தத் தொகை கேட்ட பிறகே சரி சொல்கிறேன். அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக்குறி இருந்தால் அது உறையவைத்த சரக்கு என்று அர்த்தம், சமையல்காரரின் சிறப்பு உணவு இல்லை. இன்னொன்று, 'கோப்பெர்த்தோ' என்ற மேசைக் கட்டணம். ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலத்தில் 2006 சட்டம் அதற்குத் தடை போட்டது. ரொட்டிக்கு மட்டும் காசு வாங்கலாம். அதனால் பில்லில் 'பானே' என்று ஆளுக்கு ஒன்றரை, இரண்டு யூரோ வரும். வேண்டாம் என்றால் கூடை வரும்போதே சொல்லிவிட வேண்டும். நான் வேண்டாம் என்று சொல்வதில்லை, தட்டில் மிஞ்சும் குழம்பைத் துடைத்துச் சாப்பிட ரொட்டி வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை. நீங்களாகக் கேட்கும்வரை பில் வராது, அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுந்திரு என்று சொல்லாத மரியாதை அது.

நேரமும் முக்கியம். மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிக்குள், இரவு ஏழரைக்கு மேல். இடையில் ஐந்து மணிக்குப் பசியோடு குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அலையும் நம் குடும்பங்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்த நேரத்துக்குச் சதுரமாக வெட்டி எடைக்கு விற்கும் பீட்சாவும், சுப்ளி என்ற சோற்று உருண்டைப் பொரியலும்தான். ஆகஸ்ட் நடுவில் வந்தால் நல்ல கடைகள் பாதி பூட்டியிருக்கும்.

இந்த ஒன்பது வருடத்தில் விலை நன்றாகவே ஏறிவிட்டது. எங்கள் கடையில் 9 யூரோவாக இருந்த காச்சோ எ பேபே இப்போது 13. 2020 மார்ச்சில் எல்லாம் மூடியபோது இந்தக் கடை திரும்பத் திறக்குமா என்று தினமும் ஷட்டரைப் பார்த்துக்கொண்டே காய்கறி வாங்கப் போவேன். மே மாதம் பார்சல் கொடுக்க அனுமதித்த முதல் வாரம், அலுமினிய டப்பாவில் மாட்டுவால் குழம்பு வாங்கிவந்து வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். முகக்கவசத்துக்கு மேலே கடைக்காரருடைய கண்ணை மட்டும்தான் பார்க்க முடிந்தது. "அப்பா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

இப்போது அடுப்பைப் பார்த்துக்கொள்வது அவர் மகள். கைப்பக்குவம் குறையவில்லை. ஆனால் குடல் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் சனிக்கிழமை ஒரே ஒரு சின்னப் பானைதான் வைக்கிறாள், ஒன்றரை மணிக்குள் தீர்ந்துவிடும். வெள்ளி மதியத்துக்குள் போன் செய்து சொன்னால் எடுத்து வைப்பாள். இந்த வாரம் மூன்று தட்டு சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி அத்தை மகனும் அவன் மனைவியும் மதுரையிலிருந்து வந்து இறங்குகிறார்கள்.